இடுப்பளவு தண்ணீர்

என் கணவரின் அண்ணன் கங்காதரன் ஒரு நாளில் ஒரு தடவையாவது சொல்லாமல் விடாத வார்த்தை ஒன்று உண்டு. "நான் இருக்கேன் இல்ல?" மோட்டார் ஓடவில்லை என்றால் நான் இருக்கேன் இல்ல. கேஸ் சிலிண்டர் தீர்ந்துபோனால் நான் இருக்கேன் இல்ல. நான் அவரைப் பாவா என்று கூப்பிடுவேன். எங்கள் பக்கத்தில் பாதி உறவு தெலுங்கில்தான் ஓடும். தங்கமான மனுஷர், அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இவர் இருக்கிறார் என்பதற்காக இந்த வீட்டில் வேறு யாரும் எதையும் யோசிக்கக் கூடாது என்று அதற்கு அர்த்தம்.

எங்கள் இரண்டு வீடும் ஊரை விட்டுத் தள்ளி, கழனிக்கு நடுவில், கொசஸ்தலை ஆற்றின் கரையில் இருக்கின்றன. வருஷத்தில் முக்கால்வாசி நாள் அதை ஆறு என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். மணலும் வேலிக்காத்தான் புதரும்தான். ஆடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டி, ஆந்திரா பக்கம் அணையையும் திறந்துவிட்டால் அப்போது தெரியும் அது யார் என்று.

மாமனார் போன பிறகு நிலத்தைப் பிரித்தார்கள். மூத்தவனுக்கு மேற்கு, இளையவனுக்குக் கிழக்கு. அதுதான் முறையாம். மேற்கு மேடு, கிழக்கு பள்ளம். அதாவது ஆறு எங்கள் பக்கம். இன்னொரு முறையும் உண்டு. தம்பி வீட்டுத் தரை அண்ணன் வீட்டுத் தரையைவிட உயரமாக இருக்கக் கூடாது. இருந்தால் அண்ணனுக்கு ஆகாது, குடும்பம் விளங்காது. இந்த இரண்டு முறையையும் சேர்த்து வைத்தவன் நிச்சயம் ஆற்றங்கரையில் குடியிருந்தவனாக இருக்க மாட்டான். இளையவனைப் பள்ளத்தில் தள்ளிவிட்டு, மேலே ஏறாதே என்றும் சொன்னால் அவன் எங்கேதான் போவான்?

அவன், அதாவது என் கணவர் அசோக்குமார், எங்கேயும் போக மாட்டார். அரக்கோணத்தில் ரயில்வே வேலை. யூனியன் கூட்டத்தில் மேசையைத் தட்டிப் பேசுகிறவர், அண்ணன் முன்னால் நின்றால் வாயில் கொழுக்கட்டை.

எங்களுக்கு ஒரே பெண், அபி. பதினோராவது படிக்கிறாள். பிறந்ததிலிருந்தே அவள் கால்களுக்குப் பலம் கிடையாது. வீல்சேரில்தான் எல்லாம். பாவாவுக்கும் அவர் மனைவி மணியம்மை அக்காவுக்கும் பிள்ளை இல்லை. அபியைத் தூக்கி வளர்த்ததில் என்னைவிட அவர்களுக்குப் பங்கு அதிகம் என்று சொன்னாலும் தப்பில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் பெரிய வெள்ளம் வந்தது. அன்று பார்த்து நான் ஊரில் இல்லை. என் அம்மாவுக்கு ஆபரேஷன் என்று பொதட்டூர்பேட்டைக்குப் போயிருந்தேன். இவருக்கு, என் கணவருக்கு, நைட் ஷிப்ட். அபி பெரியம்மா வீட்டில் படுத்துக்கொள்ள மாட்டேன் என்று அடம்பிடித்து, எங்கள் வீட்டிலேயே படுத்திருக்கிறாள். மணியம்மை அக்கா துணைக்குப் படுத்து, விடியற்காலையில் பால் கறக்க எழுந்து போன நேரத்தில் தண்ணீர் வந்துவிட்டது. பாவாதான் இறங்கிப் போய், அபியைத் தோளில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு வந்து தன் வீட்டு மாடியில் ஏற்றினார்.

தரைப்பாலம் முழுகி, நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் மாட்டிக்கொண்டோம். போன் கிடைத்தபோது பாவா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "இடுப்பளவு தண்ணிம்மா தேவகி. ஒண்ணும் இல்ல. பாப்பாவ தோள்ல வச்சிகினு வந்துட்டேன். நான் இருக்கேன் இல்ல?"

அபிக்குக் காய்ச்சல் வந்து, அவளை என் அம்மா வீட்டிலேயே பொங்கல் வரைக்கும் வைத்துக்கொண்டேன். நாங்கள் திரும்பி வருவதற்குள் பாவா சேற்றை வாரி, மோட்டார் போட்டுச் சுவரைக் கழுவி, போகிக்குப் புதுசாக வெள்ளையும் அடித்து வைத்திருந்தார். நான் அவர் காலில் விழாத குறை.

அந்தச் சுவரில் இந்த வருஷம் விரிசல் விட்டது. பின்பக்கம் முழுக்கக் கை நுழைகிற அளவுக்குப் பிளந்துகொண்டு நிற்கிறது. இடித்துவிட்டுப் புதுசாகக் கட்டுவது என்று முடிவானது. இவரோடு வேலை செய்கிறவரின் மகள் யுவஸ்ரீ, அரக்கோணத்தில் இன்ஜினியர். ஆடியில் ஒரு தடவை வந்து இடத்தைப் பார்த்துவிட்டு, ஆவணியில் முதல் பிளான் கொண்டுவந்தாள். பாவா வீட்டு வாசலில் பிளாஸ்டிக் மேசை போட்டு விரித்தாள். காற்றில் பறக்காமல் இருக்க மணியம்மை அக்கா நாலு மூலையிலும் டம்ளர் வைத்தாள்.

பில்லர் மேல் வீடு. கீழே வெறும் தூண்கள், தண்ணீர் வந்தால் வந்த வழியே போய்விடும். மேலே இரண்டு அறை, சமையலறை, அபிக்கு அகலக் கதவு வைத்த பாத்ரூம். படி கிடையாது. மேற்கே பாவாவின் மேட்டில் ஆரம்பித்து, நீளமான சாய்தளம் ஒன்று மெல்ல ஏறி எங்கள் வாசலில் முடியும். அபி வீல்சேரைத் தானே தள்ளிக்கொண்டு ஏறலாம், இறங்கலாம். வெள்ளம் வந்தால் யாரையும் கூப்பிடாமல் மேட்டுப் பக்கம் போய்விடலாம். அபி அந்தப் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. விரலை அந்தக் கோட்டின் மேல் வைத்து ஓட்டிப் பார்த்தாள்.

பாவாவும் பார்த்தார். "இது இன்னாம்மா, வீடா, பாலமா?"

"வெள்ளம் வர்ற எடம் சார். தூக்கித்தான் கட்டணும்," என்றாள் யுவஸ்ரீ.

"தூக்கிக் கட்டு, யாரு வாணாம்ன்றது. எம்மாம் தூக்கணுமோ அம்மாம் தூக்கு. என் வீட்டுத் தரைக்கு மேல போவக் கூடாது, அவ்ளோதான். எங்க நைனா சொல்லிட்டுப் போன முறை."

"தண்ணிக்கு முறை தெரியுமா பாவா?" என்று கேட்டுவிட்டேன்.

இவர் என்னைப் பார்த்து முறைத்தார். பாவா கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். சிரித்துக்கொண்டே, "இடுப்பளவு தண்ணிக்கு எதுக்கும்மா இந்த ஆர்ப்பாட்டம்? அப்டியே வந்தாலும் பாப்பாவத் தூக்கிகினு வர நான் இருக்கேன் இல்ல?" என்றார்.

அபி தலையைக் குனிந்துகொண்டாள்.

அவருக்குப் புரியாத விஷயம் ஒன்று இருந்தது. இல்லை, புரிந்தும் ஏற்றுக்கொள்ளாத விஷயம். அபி பெரியவளானதிலிருந்து என்னைத் தவிர யாரையும் தன்னைத் தூக்க விடுவதில்லை. அப்பாவைக்கூட. ஆடிக் கிருத்திகைக்கு மலைக்கோயிலுக்குப் போனோம். மேலே வரைக்கும் வண்டி போகும், ஆனால் நாலு படியாவது ஏறினால்தான் உள்ளே போக முடியும். பாவா வழக்கம்போல வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார். "வாணாம் பெரிய நைனா. நான் இங்கேயே கும்பிட்டுக்கறேன்," என்றாள். சுற்றிலும் காவடியும் கூட்டமும். அவர் ஒரு நிமிஷம் குனிந்தபடியே நின்றார். அப்புறம் அவரும் உள்ளே போகவில்லை. அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டார். திரும்பி வரும்போது மணியம்மை அக்காவிடம், "நான் இன்னா வேத்தாளா?" என்று கேட்டாராம்.

வேற்றாள் இல்லைதான். ஆனாலும் பதினைந்து வயதுப் பெண்ணுக்குத் தன் உடம்பு தன் கையில் இருக்க வேண்டும் என்று தோன்றாதா? எனக்கு என் பெண்ணை நினைத்தும் வயிறு எரிந்தது, அந்த மனுஷரை நினைத்தும் பாவமாக இருந்தது. இரண்டும் சேர்ந்து எனக்குத் தலைவலிதான் மிச்சம்.

ஒரு மாதம் வீட்டில் பேச்சே இல்லை. இவர் அரக்கோணத்தில் குவார்ட்டர்ஸ் கேட்கலாமா என்று ஒரு தடவை வாயெடுத்தார். பாவாவின் முகம் செத்துப்போனதைப் பார்த்து அப்படியே விழுங்கிவிட்டார்.

புரட்டாசிக் கடைசியில் யுவஸ்ரீ இரண்டாவது பிளானோடு வந்தாள். நல்ல பெண், எல்லோருக்கும் ஒத்துவருகிற மாதிரி ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள். எங்கள் பள்ளத்தில் இடுப்பளவுக்குக் கொஞ்சம் மேலே பேஸ்மட்டம் எழுப்பினால், அது பாவாவின் மேட்டு வீட்டுத் தரைக்குச் சரியாகச் சமமாக வரும். அவருடைய முறையும் கெடாது, தண்ணீரும் உள்ளே வராது. உயரம் குறைவு என்பதால் சாய்தளமும் சின்னது. ஒரே ஒரு திருப்பம் வைத்து எங்கள் நிலத்துக்குள்ளேயே முடித்துவிடலாம். மேட்டுப் பக்கம் வர வேண்டியதில்லை.

பாவாவுக்கு வாயெல்லாம் பல். "ஆங், இது வீடு!" என்றார். இவர் பெருமூச்சு விட்டார். எனக்கும் போதும் போதும் என்று ஆகிவிட்டிருந்தது. தலையை ஆட்டிவிட்டேன். மணியம்மை அக்கா காபி போட எழுந்தாள்.

யுவஸ்ரீ பேனாவைத் திறந்தபடி, "ஒண்ணே ஒண்ணு கன்பர்ம் பண்ணிக்கறேன் சார். அந்த வெள்ளத்துல தண்ணி எவ்ளோ உயரம் நின்னுச்சி? அத வச்சித்தான் எல்லாமே. பழைய வீட்டுச் சுவத்துல கறை தெரியுமான்னு பாத்தேன், வெள்ளை அடிச்சிருக்கீங்க," என்றாள்.

"போகிக்கு வெள்ளை அடிக்காத வீடு எங்கம்மா இருக்குது? இடுப்பளவுதான். நான்தான் எறங்குனேன், எனக்குத் தெரியாதா?"

"தப்பு," என்றாள் அபி.

யாருக்கு என்ன சொல்கிறாள் என்று முதலில் புரியவில்லை. அவள் பாவாவைப் பார்க்காமல் யுவஸ்ரீயைப் பார்த்துப் பேசினாள். "அக்கா, நான் அவர் தோள்ல உக்காந்துகினு இருந்தேன். இடுப்பளவு தண்ணின்னா என் கால்ல படுமா?"

"படாது," என்றாள் யுவஸ்ரீ.

"என் கால் முழுக்கத் தண்ணிக்குள்ள இருந்திச்சி. பாவாடை நனஞ்சிச்சி. தொடை வரைக்கும்."

"தெறிச்சிருக்கும் பாப்பா," என்றார் பாவா.

"தெறிக்கல பெரிய நைனா."

நான் அபியைப் பார்த்தேன், பாவாவைப் பார்த்தேன். மணியம்மை அக்கா கதவுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள். அவளுக்கும் தெரியும் என்று அந்த நிற்பிலேயே எனக்குப் பட்டது.

பாவா எழுந்தார். சரிவில் இறங்கி எங்கள் பழைய வீட்டை நோக்கி நடந்தார். நாங்கள் பின்னாலேயே போனோம். நான் வீல்சேரைப் பிடிக்கப் போனேன், அபி தானே உருட்டிக்கொண்டு வந்தாள். வாசற்படிக்குக் கீழே, சுவரில் முதுகை ஒட்டி நின்றுகொண்டு, பாவா வழக்கம்போலக் கையை இடுப்பில் வைத்துக் காட்டினார். அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

அப்புறம் அந்தக் கை மேலே ஏறியது. வயிறு. மார்பு. அங்கேதான் நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. கழுத்தைத் தாண்டித் தாடைக்குக் கீழே வந்து நின்றது.

"இங்க," என்றார். "குதிகால் தரையில ஊனல. நுனிக்கால்லதான் வந்தேன். அந்த முருங்க மரத்தாண்ட கால் வழுக்கிடுச்சி. பாப்பா தண்ணிக்குள்ள போயிட்டா. முடியப் புடிச்சித்தான் தூக்கினேன்."

"அண்ணா..." என்றார் இவர். அதற்கு மேல் அவருக்கு வார்த்தை வரவில்லை. மண் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு வந்தது. பதினெட்டு வருஷமாக அந்த மனுஷர் முன்னால் குரலை உயர்த்தாதவள், அன்றைக்குக் கத்தினேன். "இடுப்பளவுன்னு நீங்க சொன்னத நம்பித்தானே பாவா மூணு மழைக்கு இந்தப் பள்ளத்துல பொண்ண வச்சிகினு படுத்திருந்தேன்! அந்தக் கறையத் தெரிஞ்சேதான் கழுவுனீங்களா? தெரிஞ்சேதான் வெள்ளை அடிச்சீங்களா? நான் உங்க கால்ல விழாத குறையா நின்னேனே, அப்பக்கூட வாயத் தொறக்கலயே!"

"ஆங்," என்றார். மறுக்கவில்லை. "சொல்லியிருந்தா நீங்க இங்க இருந்திருப்பீங்களா? மறுநாளே அரக்கோணம் போயிருப்பீங்க. அப்புறம் நானும் இவளும் யாரு மூஞ்சியப் பாத்துகினு இங்க கெடக்கறது? பாப்பாகிட்டயும் சொல்ல வாணாம்னு நான்தான் சத்தியம் வாங்குனேன்."

அபி அழுதாள். சத்தம் இல்லாமல், முகத்தைத் துடைக்காமல் அழுதாள். "எனக்கும் போவப் புடிக்கலம்மா. ஆஸ்டல்ல போட்டுடுவீங்கன்னு பயம். அதான் சொல்லல. ஆனா இந்த வீட்டக் கட்டிட்டா அப்புறம் எப்டி சொல்றது? மறுபடியும் தண்ணி வந்தா அவர்தான எறங்குவாரு?"

என் பெண்ணைக் காப்பாற்றியவரும் அவர்தான், அவளை ஆபத்தில் வைத்திருந்தவரும் அவர்தான். கும்பிடுவதா அடிப்பதா என்று தெரியவில்லை. அந்தக் கோபம் இன்றைக்கும் எனக்கு முழுசாகத் தீரவில்லை.

யுவஸ்ரீ பாவம், இந்தக் குடும்பச் சண்டைக்கு நடுவில் என்ன செய்வாள்? டேப்பை எடுத்து, பாவாவின் கை நின்ற இடத்தை அளந்தாள். சாக்பீஸால் வெள்ளைச் சுவரில் ஒரு கோடு போட வந்தாள், வெள்ளையில் வெள்ளை தெரியவில்லை. பேனாவால் போட்டாள். அப்புறம் திரும்பி மேட்டில் இருக்கிற பாவா வீட்டைப் பார்த்தாள். மனசுக்குள் ஏதோ கணக்குப் போடுகிறாள் என்று தெரிந்தது.

"சார், இங்க இவ்ளோ நின்னிருந்தா, உங்க வீட்டுக்குள்ளயும் முட்டிக்கு மேல வந்திருக்கணுமே?"

மணியம்மை அக்காதான் சொன்னாள். "வந்திச்சிம்மா. நெல்லு மூட்ட, துணிமணி, பெட்டி எல்லாம் போச்சி. பரண்ல இருந்த எங்க கல்யாணப் போட்டோ மட்டும்தான் மிச்சம். தேவகிக்குத் தெரியக் கூடாதுன்னு எல்லாத்தையும் கழனியில கொட்டி மண்ணத் தள்ளிட்டாரு." சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நாலு வருஷம் அடக்கி வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னதில் அவளுக்கு மேல்மூச்சு வாங்கியது.

ஆற்று மணலில் யாரோ மாட்டை ஓட்டிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

"அப்ப மொதல்ல போட்ட பிளான்தான் சார்," என்றாள் யுவஸ்ரீ மெதுவாக. "பில்லர் மேலதான் கட்டணும். அதுவும் இன்னும் உயரமா. ரேம்ப்பும் இன்னும் நீளமா. உங்க மாட்டுக் கொட்டாய் வரைக்கும் வரும். தம்பி வீடு உங்க வீட்டவிட ரொம்ப மேல போயிடும். நான் வேற இன்னா பண்றதுன்னு தெரியல."

பாவா சுவரில் இருந்த பேனாக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். முறை என்று சொல்வார், நைனா என்று சொல்வார், நானும் விடக் கூடாது என்று வாயைத் தயாராக வைத்திருந்தேன்.

"அந்த ரேம்ப்பு எவ்ளோ அகலம்மா?" என்றார்.

"வீல்சேர் போற அளவு சார்."

"பக்கத்துல இன்னொரு ஆள் நடக்கற அளவுக்குப் போடு. என் சம்சாரத்துக்கு முட்டி வலி, படி ஏற மாட்டா. தண்ணி வந்தா நாங்களும் அதுலதான் ஏறி வரணும்."

அவ்வளவுதான் சொன்னார். முறையைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. நான் தயாராக வைத்திருந்த அத்தனை வார்த்தையும் என் வாயிலேயே தங்கிவிட்டது. இவர் எழுந்து அண்ணன் பக்கத்தில் போய் நின்றார். தொடவில்லை. எங்கள் வீட்டு ஆண்களுக்கு அதெல்லாம் வராது.

யுவஸ்ரீ பிளானைச் சுருட்டினாள். "ஆனா ஒண்ணு. இப்ப அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட முடியாது. மழை ஆரம்பிச்சிடும், குழியில தண்ணி ஊறும். தை பொறந்துதான் வேலை."

"அப்ப இந்த மழைக்கு?" என்று கேட்டேன்.

எல்லோரும் பழக்கத்தில் பாவாவைப் பார்த்தோம். அவரும் பழக்கத்தில் வாயைத் திறந்தார்.

"நான் இருக்..."

அதோடு நின்றுவிட்டது. தன் காலைப் பார்த்தார், முருங்கை மரத்தைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். பதினெட்டு வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் முடிக்காமல் விட்டது அன்றைக்குத்தான். எத்தனையோ நாள் அதைக் கேட்டுப் பல்லைக் கடித்த எனக்கு, அது பாதியில் நின்றபோது முடித்துவிட மாட்டாரா என்று இருந்தது.

அபி வீல்சேரை உருட்டிக்கொண்டு அவர் எதிரே போனாள். "பெரிய நைனா, மழை புடிக்கறதுக்கு முன்னாடியே நாம எல்லாரும் அரக்கோணம் போயிடலாம். நீங்களும் பெரியம்மாவும் கூட வாங்க. தை மாசம் திரும்பி வந்துடலாம்."

அவர் அவள் தலையில் கை வைக்கப் போய், பாதியில் நிறுத்தி, அவளைப் பார்த்தார். அவளே தலையைச் சாய்த்துக் கொடுத்தாள். வைத்துக்கொண்டார்.

"வரலாம் பாப்பா. ஆனா ரெண்டு மாடு, ஒரு கன்னுக்குட்டி இருக்குதே. தண்ணி வந்தா அதுங்கள அவுத்து ஓட்டறதுக்கு யாரு இருக்காங்க?"

இவர் அண்ணனைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். மணியம்மை அக்கா மேற்கே கொட்டாய்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் இருக்கேன் இல்ல என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.